பீமன் கை நனைத்த வீடு

சரவணகுமாரின் சட்டைப் பையில் எப்போதும் வேர்க்கடலை இருக்கும். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது ஒரு பிடி, இறங்கும்போது ஒரு பிடி, டீ நேரத்தில் மற்றவர்கள் பீடி பற்றவைக்க ஓடும்போது ஒரு பிடி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அலுமினியத்தை உருக்கி வண்டி உதிரிபாகம் வார்க்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் உடம்பில் தண்ணீரே தங்காது, சதை எங்கே தங்கும்? ஆனாலும் மனுஷன் விடாமல் மென்றுகொண்டே இருப்பான். சாப்பாட்டு ராமன் என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்குச் சோற்றில் அப்படியொன்றும் ருசி கிடையாது. மற்றவர்கள் ஓவர்டைம் பார்க்கிற மாதிரி அவன் சோறு பார்த்தான், அவ்வளவுதான்.

பிறவியிலேயே ஒல்லி. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ஊதுபத்தி. மீசை வந்து, வேலை வந்து, பெண் பார்க்கிற பேச்சு வந்த பிறகும் மேல்மடைப்பேட்டில் அவன் ஊதுபத்திதான். கோபம் வந்தால்கூட அந்த உடம்பில் அது எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டுச் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. அவன் பீமனாக வேண்டும்.

மேல்மடைப்பேட்டில் தர்மராஜா கோயில் தீமிதித் திருவிழா வெகு விமரிசையாக நடக்கும். ராத்திரிக் கூத்துக்கு வெளியூரிலிருந்து ஜமா வரும். ஆனால் பகாசூரன் வதத்தன்று பகலில் வண்டி ஏறுகிற பீமன் மட்டும் உள்ளூர் ஆளாகத்தான் இருக்க வேண்டும், அது ஊர்க் கட்டு. அன்றைக்கு டிராக்டர் டிரெய்லரில் வாழையிலை பரப்பி, அண்டா அண்டாவாகச் சோறு கொட்டி, நடுவில் பீமனை உட்காரவைத்து ஊர் முழுக்கச் சுற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி நிற்கும். வீட்டுப் பெண் தட்டில் சோறு கொண்டுவருவாள். பீமன் அதில் ஒரு வாய் அள்ளித் தின்ன வேண்டும். ஒரு வீட்டைக்கூட விடக் கூடாது. பீமன் வேண்டாம் என்று சொன்ன வீட்டில் அந்த வருஷம் அரிசிப் பானை நிறையாது என்பது நம்பிக்கை.

ஒரு வீட்டையும் விடக் கூடாது என்கிற அந்த ஒரு விதிதான் சரவணகுமாரைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் அந்த ஊரில் அவன் சாப்பிடக் கூடாத வீடு ஒன்று இருந்தது. அது அவனுடைய அக்கா நந்தினி வாழ்ந்த வீடு.

கதை பெரிதில்லை. அவன் அப்பா துளசிராமனுக்கும் பக்கத்து நிலத்துக்காரர் சடையப்பனுக்கும் ஏரிக்கால்வாய் மடையைத் திறப்பதில் தகராறு. யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்று ஆரம்பித்தது, மண்வெட்டியை ஓங்குகிற வரைக்கும் போய், போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுத்தான் ஓய்ந்தது. அது ஆறுவதற்குள் நந்தினி சடையப்பனின் மகனோடு சிறுவாபுரிக் கோயிலுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஊரில் வேறு மாப்பிள்ளையே கிடைக்கவில்லையா என்று துளசிராமன் கத்தவில்லை. நேரே கோயிலுக்குப் போனார். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, எல்லார் முன்னாலும் அதைப் பொத்தி அணைத்துச் சத்தியம் செய்தார்.

"இனிமே என் ஊட்டு ஆளுங்க யாரும் அந்த ஊட்டு சோத்துல கை நனைக்க மாட்டோம். இது அம்மன் மேல ஆணை."

கை நனைக்காத உறவு உறவே இல்லை. தெருவில் பார்த்தால் சிரிக்கலாம், ரேஷன் கடை வரிசையில் நின்று நாலு வார்த்தை பேசலாம். ஆனால் ஒரு வீட்டுச் சோற்றில் கை நனைத்தால்தான் அந்த வீட்டுக்கு நீ சொந்தம். இல்லையென்றால் மூன்றாம் மனுஷன். ஒரே வார்த்தையில் துளசிராமன் தன் மகளுக்குத் தன் குடும்பத்தையே மூன்றாம் மனுஷர் ஆக்கிவிட்டார்.

சரவணகுமாருக்கு அக்கா என்றால் ஏதோ அக்கா இல்லை. அம்மா பூவம்மாள் நாற்று நட, களை பறிக்க என்று வயலுக்குப் போய்விடுவாள். அவனைத் துரத்திப் பிடித்து, மடியில் இறுக்கிச் சோறு ஊட்டி வளர்த்தவள் நந்தினிதான். இரண்டு வாய்க்கு மேல் இறங்காத பிள்ளை. அவள் விட மாட்டாள். "இன்னும் ஒரு வாய்டா, இதான் கட்சி வாய்" என்பாள். அந்தக் கடைசி வாய் ஏழெட்டுத் தடவை வரும். அவன் உடம்பில் கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்ததெல்லாம் அவள் ஏமாற்றி ஊட்டியதுதான்.

இப்போது அவள் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். கூப்பிட்டால் கேட்கிற தூரம். காலையில் ஷிப்டு முடிந்து வரும்போது அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது தெரியும். அவன் வரப்பில் வேண்டுமென்றே மெதுவாக நடப்பான். அவள் நிமிர்ந்து பார்த்து அங்கிருந்தே கேட்பாள்.

"துன்னியாடா?"

"துன்னேன்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்தால் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னாடா கேட்டா?" என்பாள். அவளுக்கும் அதே சத்தியம்தான். மகளை வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வருகிறவள். துளசிராமன் வீட்டில் மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தால் மூன்று பேரும் தட்டைப் பார்த்துத்தான் சாப்பிடுவார்கள்.

நந்தினிக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு பகாசூரன் வண்டிக்கும் சரவணகுமார் பின்னாலேயே நடந்துபோனான். டிராக்டர் துளசிராமனுடையது, ஓட்டுவதும் அவரே. மகள் வீட்டு வாசலில் அவரும் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்துவார், முகத்தை மட்டும் புளியமரத்துப் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்போது பீமன், ரைஸ்மில் அன்புராஜ். நல்ல தொந்தி. நந்தினி தட்டை நீட்டுவாள், அன்புராஜ் அள்ளி வாயில் போட்டு மீசையைத் துடைத்துக்கொள்வான். பார்த்துக்கொண்டே நிற்கும் சரவணகுமாருக்கு வயிறு எரியும். பசியில் இல்லை, பொறாமையில். யாரோ ஒருத்தன் தின்கிறான், நான் நிற்கிறேனே என்று.

போன வருஷத் திருவிழா முடிந்ததும் பீமனுக்குச் சுகர் வந்துவிட்டது. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டார், இனி வண்டி ஏற மாட்டேன் என்று அன்புராஜ் கும்பிடு போட்டான். அடுத்த பீமன் யார் என்று கோயிலில் பேச்சு வந்தபோது சரவணகுமார் கையைத் தூக்கினான். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மண்டபமே அதிர்ந்தது.

"டேய் ஊதுபத்தி, பகாசூரன் துன்னுட்டுப் பல்லு குத்தக்கூட நீ பத்தமாட்டியே!" என்றான் அன்புராஜே.

சிரிப்பு அடங்கியதும் பெரியவர்கள் வழக்கத்தைச் சொன்னார்கள். பீமனின் கதாயுதம் வேப்பமரத்தில் கடைந்து பித்தளைப் பூண் போட்டது. அதைத் தோளில் வைத்துக் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினால் அவன் பீமன். சரவணகுமார் அங்கேயே தூக்கிப் பார்த்தான். தோளுக்கு ஏறியது. ஏறினதும் அவனையும் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. "அடுத்த கொடியேத்தத்துக்கு உடம்பைத் தேத்திகினு வா, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். துளசிராமன் மகன் முட்டியில் ஒட்டிய மண்ணை மட்டும் பார்த்தார்.

மறுவாரமே பைபாஸ் ஓரத்து ஜிம்மில் போய் நின்றான். மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தூக்கறது நான் கத்துக் குடுத்துடுவேன். துன்றது உன் வேலை. துன்னாம தூக்கினா இருக்கறதும் போய்டும்."

துன்றது உன் வேலை! வாயால் சொல்லிவிடலாம். ஷிப்டு மாறி மாறி வருகிறவனுக்கு வயிறு எதை நாஷ்டா என்று நினைக்கும், எதை ராத்திரிச் சாப்பாடு என்று நினைக்கும்? கேன்டீனில் வரிசையில் நின்று தட்டு வாங்குவதற்குள் மணி அடித்துவிடும். வீட்டில் பஸ்ஸுக்கு முன்னால் நாலு இட்லியை விழுங்கினால் வேகத்தில் பாதி மேலே வரும். சரவணகுமார் வழி கண்டுபிடித்தான். தண்ணீர் பாட்டிலில் கேழ்வரகுக் கஞ்சியும் மோரும் கலந்து எடுத்துப்போனான், மெல்லுகிற நேரம் மிச்சம். பஸ்ஸில் வாழைப்பழம். லாக்கரில் அவித்த முட்டை. பக்கத்து லாக்கர்க்காரன் நாற்றம் தாங்காமல் சூப்பர்வைசரிடம் புகார் கொடுத்தான். புரட்டாசி வந்ததும் பூவம்மாள் முட்டையை வீட்டு வாசல்படி ஏற விடவில்லை. பெருமாளுக்குப் பயந்து பீமன் அந்த மாதம் பயறும் பாலுமாக ஓட்டினான். எடை பார்க்கிற மிஷின் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது.

புரட்டாசி கழிந்ததும்தான் அரசப்பன் டப்பா கொண்டுவர ஆரம்பித்தான். அதே உலையில் வேலை செய்கிறவன், சரவணகுமார் வயசுதான், கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் தள்ளி இருக்கிறவன். பைக்கில் வருவான்.

"எங்க ஊட்டுக்காரி ஓவராக் கட்டி அனுப்புறா, என்னால ஆவல. நீதான் துன்னு துன்னு சாவுறியே, இத்தையும் துன்னு" என்று ஒரு நாள் ஒரு எவர்சில்வர் டப்பாவை நகர்த்தினான்.

வேர்க்கடலைப் பொடி போட்டுப் பிசைந்த சோறு. நல்லெண்ணெய், பூண்டு, எங்கோ அடியில் துளி வெல்லம். மேலே முட்டை, அதையும் பொடிப் பொடியாக நறுக்கித் தூவியிருந்தது. ஓரத்தில் காராமணி. கூடவே காம்பு வளைந்து நிமிர்ந்த ஒரு ஸ்பூன். சரவணகுமார் பழக்க தோஷத்தில் கையை உள்ளே விடப் போனான். அரசப்பன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஆயில் கைடா. ஸ்பூன்ல துன்னு."

"கழுவிகினுதான வந்தேன்?"

"கழுவினாலும் ஸ்பூன்ல துன்னு. என் டப்பா, என் ரூலு."

கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டு ஸ்பூனால் தின்றான். முதல் முறையாகச் சோறு தொண்டையில் இடிக்காமல் இறங்கியது. மறுநாளும் டப்பா வந்தது, அதற்கு மறுநாளும். பகல் ஷிப்டோ ராத்திரி ஷிப்டோ, அரசப்பன் வந்தால் டப்பா வந்தது. ஒரு முறை டப்பா மூடும்போது ஸ்பூன் வைக்க மறந்துபோயிருந்தது. அரசப்பன் கேன்டீன் வரைக்கும் ஓடி ஒரு ஸ்பூன் வாங்கிவந்து கையில் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டான். "உன் ஊட்டுக்காரி கை நல்லா கீதுடா" என்று சரவணகுமார் சொல்லும்போதெல்லாம் அவன் வேறு பக்கம் பார்த்துப் பல்லைக் காட்டுவான்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஏறினதில் பாதி இறங்கிப்போனது. படுத்துக்கிடந்த நாட்களில் அவனுக்கு அழுகைகூட வந்தது. இருபத்தைந்து வயது ஆள், சதை போச்சே என்று போர்வைக்குள் அழுதான் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் அழுதது சதைக்காக இல்லை என்பது பூவம்மாளுக்குத் தெரியும். அவள் கஞ்சிச் சொம்போடு பக்கத்தில் உட்கார்ந்து கால்வாய்ப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தாள். ஈரக்காற்றுக்கு ஆகாது என்று தெரிந்தும் திறந்துவைத்தாள்.

மறுபடியும் தொடங்கினான். கஞ்சி, வாழைப்பழம், முட்டை, டப்பா. தை போய், மாசி போய், சட்டை தோளில் பிடிக்க ஆரம்பித்தது. தையற்காரர் அளவெடுக்கும்போது இரண்டு தடவை டேப்பைப் பார்த்தார். ஜிம் மாஸ்டர் முதல் முறையாக முதுகில் தட்டினார். கொடியேற்றத்தன்று சரவணகுமார் கதாயுதத்தைத் தூக்கித் தோளில் வைத்தான். முதல் சுற்றில் சிரித்தவர்கள் இரண்டாவது சுற்றில் நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது சுற்று முடிந்து அவன் நின்ற இடத்தில் அன்புராஜே வந்து மாலை போட்டான்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது துளசிராமன் அவனுக்கு முன்னால் போனார். பாதித் தூரம் போனதும் திரும்பாமலே பேசினார்.

"எல்லா ஊட்லயும் துன்னணும். தெரியுமில்ல?"

"தெரியும் நைனா."

"அது பீமன் துன்றது. நீ துன்றது இல்ல."

மகன் எதற்காக ஒரு வருஷமாகத் தின்று தீர்த்தான் என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. சரவணகுமாருக்கு அப்பா காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, சண்டை போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் பின்னாலேயே நடந்தான்.

பகாசூரன் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. முகத்தில் அரிதாரம், கிரீடம், புஜக்கட்டை, தொடையில் கதாயுதம். தொந்திக்கு மட்டும் ஒரு தலையணையைக் கட்டிவிட்டார்கள். தமுக்கு முழங்க, பிள்ளைகள் சோற்று உருண்டைக்குக் கை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடிவர, டிராக்டர் தெருத்தெருவாகப் போனது. பொங்கல், புளிச்சோறு, தயிர்ச்சோறு, வடை. எல்லா வீட்டிலும் ஒரு வாய் அள்ளினான். பெரிதாக அள்ளுவதுபோல் கையை வீசிச் சின்னதாக வாயில் போட்டான். வயிற்றில் ஒரு மூலையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தான்.

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் அவன் கிரீடத்தை நேராக்கிக்கொண்டான். வண்டி நின்றது. சடையப்பன் மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தள்ளி நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். துளசிராமன் முகம் புளியமரத்துப் பக்கம் போனது. நந்தினி படியிறங்கி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், காதோரம் ஒன்றிரண்டு நரை. இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து எவ்வளவு காலம்! அவள் தட்டை உயர்த்தினாள்.

வேர்க்கடலைப் பொடி போட்டுப் பிசைந்த சோறு. பூண்டும் நல்லெண்ணெயும் மணத்தன. காப்புக் கட்டிய ஊர் என்பதால் முட்டை மட்டும் இல்லை. ஓரத்தில் காராமணி. சோற்றில் குத்திவைத்தாற்போல், காம்பு வளைந்து நிமிர்ந்த ஒரு ஸ்பூன்.

சரவணகுமார் அந்த ஸ்பூனையே பார்த்தான். பிறகு கூட்டத்தில் தேடினான். கொட்டகைக்குப் பின்னால் பைக்கில் சாய்ந்து நின்ற அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். தினமும் ஷிப்டுக்கு முன்னால் இந்த வீட்டில் பால் வாங்கிக்கொண்டு போகிறவன் அவன். இத்தனை மாசமாகத் தோளிலும் மார்பிலும் ஏறியது எந்த வீட்டுச் சோறு என்பது அப்போதுதான் சரவணகுமாருக்கு விளங்கியது. முட்டை ஏன் ஸ்பூனில் ஏறுகிற மாதிரி நறுக்கியிருந்தது என்பதும் விளங்கியது. அப்பன் போட்ட ஆணை கை நனைக்கக் கூடாது என்றுதானே? தம்பியும் தின்ன வேண்டும், அப்பன் சத்தியமும் பொய்யாகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பைத்தியக்காரி கண்டுபிடித்தது ஒரு ஸ்பூன். அவளை அவ்வளவு தூரம் தள்ளிவைத்தவரின் வார்த்தையை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அவன் ஸ்பூனை எடுத்தான். இலையில் ஓரமாக வைத்தான். கையைச் சோற்றில் விட்டு, ஐந்து விரலும் நனைய அள்ளினான். வாயில் போட்டபோது அரிதாரம் கண்ணுக்குக் கீழே வழிந்து கரைந்தது. பீமன் வியர்க்கிறான் என்று பிள்ளைகள் கத்தின.

ஒரு வாய்தான் வழக்கம். தமுக்கு அடிப்பவன் கிளம்பலாம் என்று கோலைத் தூக்கினான். நந்தினி தட்டை இறக்கவில்லை.

"இன்னும் ஒரு வாய்டா" என்றாள். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "இதான் கட்சி வாய்."

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் முதுகுதான் தெரிந்தது. எல்லா வீட்டு வாசலிலும் டிராக்டர் தடதடவென்று உறுமிக்கொண்டேதான் நிற்கும், நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. துளசிராமன் கை சாவியிடம் போனது. இஞ்சினை அணைத்தார். தெருவே சத்தமில்லாமல் போய்விட்டது. புளியமரத்தைப் பார்த்தபடியே அவர் உட்கார்ந்திருந்தார், தட்டு காலியாகிற வரைக்கும்.

திருவிழா முடிந்தது. அரிதாரம் போனது, தலையணைத் தொந்தி போனது, பீமனும் போனான். துளசிராமன் சத்தியத்தைத் திரும்பப் பெறவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் அந்தப் பக்கமாகவே இருந்தது. ஷிப்டு முடிந்து வரப்பில் வரும்போது நந்தினி பழையபடி கேட்டாள், துன்னியாடா என்று. இவனும் பழையபடி துன்னேன்க்கா என்றான். ஒரு எட்டு எடுத்து வைத்தால் அவள் வாசல். அந்த எட்டுக்குத்தான் இன்னும் வழி இல்லை.

காப்பு அவிழ்த்த பிறகு வந்த முதல் பகல் ஷிப்டில் அரசப்பன் வழக்கம்போல டப்பாவை நகர்த்தினான். இந்தத் தடவை ஊட்டுக்காரியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

சரவணகுமார் மூடியைத் திறந்தான். வேர்க்கடலைச் சோறு. மேலே இரண்டு முட்டை, நறுக்காமல் முழுசாக. மூடியைத் திருப்பிப் பார்த்தான், டப்பாவைத் தூக்கி அடியிலும் பார்த்தான். ஸ்பூன் இல்லை.

"மறந்துட்டாளா?" என்று கேட்டான்.

"நானும் கேட்டேன்" என்றான் அரசப்பன். "இனிமே வாணாம்னு சொல்லிச்சு."

சரவணகுமார் எழுந்து குழாயடிக்குப் போனான். நகக்கண்ணில் இருந்த கரி போகிறவரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தான். பிறகு வந்து உட்கார்ந்து கையை நனைத்தான்.